முப்பத்தேழாம் நம்பர் கால்

எங்கள் அத்தையின் கால்களைப் பார்த்து ஆம்பூரில் யாரும் அழகு என்று சொன்னதில்லை. கொஞ்சம் கறுத்து, குதிகாலில் வெடிப்போடு, எல்லோருக்கும் இருப்பது போன்ற கால்கள்தான். ஆனால் எங்கோ ஐரோப்பாவில் ஒரு பெண் கடையில் முப்பத்தேழாம் நம்பர் ஷூவை மாட்டிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று தன் பாஷையில் சொல்லியிருந்தால், அந்த மாடலின் முதல் ஜோடியை எங்கள் அத்தை போட்டு நடந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

அத்தை என் அப்பாவின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடேயே இருந்தாள். ஊரிலிருந்த ஷூ கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை. பசை வழிந்திருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று தயாரான ஷூக்களைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது. அது சம்பளத்துக்கான வேலை. பெருமைக்கான வேலை வேறு. புது மாடல் வந்தால் பெண்கள் ஷூவை முதலில் முப்பத்தேழாம் நம்பரில்தான் செய்து பார்ப்பார்கள். பிளாஸ்டிக் கால் அச்சில் எல்லா ஷூவும் அழகாகத்தான் உட்காரும். உயிருள்ள காலில் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, அளவு பிசகாத முப்பத்தேழு ஒன்று வேண்டும். நீளம், அகலம், மேல்பாதத்தின் உயரம் எல்லாம் சொல்லிவைத்த மாதிரி அமைந்த கால் அந்தக் கம்பெனியில் அத்தைக்குத்தான் இருந்தது. ஸாம்பிள் ரூமிலிருந்து ஆள் வந்தால் கையிலிருக்கும் வேலையைப் பக்கத்திலிருப்பவளிடம் தள்ளிவிட்டு, காலைக் கழுவிக்கொண்டு போவாள்.

அங்கே வெளிநாட்டு டெக்னீஷியனும் மேனேஜரும் காத்திருப்பார்கள். ஷூவை மாட்டியதும் எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். அத்தையிடம் ஒரே பதில்தான்.

"நடந்து பாத்துட்டு சொல்றேன்."

நின்ற இடத்தில் எதையும் சொல்ல மாட்டாள். வராண்டாவின் கடைசி வரை போவாள், மாடிப்படி ஏறி இறங்குவாள், வழியில் யாரிடமாவது நின்று வீட்டுக் கதை பேசுவாள். காலை மறந்து நடக்க வேண்டும், அப்போதுதான் கால் பேசும் என்பது அவள் கட்சி. ஒருமுறை மேனேஜருக்கு அவசரம். "நல்லா இருக்குதுன்னு சொல்லிடும்மா, கொரியர்காரன் கேட்டுல நிக்கிறான்" என்று கெஞ்சியிருக்கிறார்.

"நிக்கட்டும் சார். நான் நடந்துட்டு வர்றேன்."

போய்விட்டு வந்து, "சமதரையில ஒன்னும் இல்ல. படி எறங்கும்போதுதான் கட்ட வெரல் முன்னால போய் இடிக்குது" என்றாளாம். டெக்னீஷியன் ஷூவைக் கழற்றி வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். கொரியர்காரர் வெறுங்கையோடு திரும்பினார். இதை அத்தை எங்களிடம் சொல்லும்போது மேனேஜரின் முகத்தை நடித்தே காட்டுவாள்.

கம்பெனியோடு இது நின்றிருந்தால் பரவாயில்லை. வீட்டுக்கும் வந்தது. தலையணை வாங்கப் போனால் கடையிலேயே படுத்துப் பார்ப்பாள். குடை வாங்கினால் விரித்துப் பிடித்துக்கொண்டு பஜாரில் ஒரு நடை போய்வருவாள். கடைக்காரர் பதறிப்போய்ப் பின்னாலேயே ஆள் அனுப்புவார். கூடப் போகும் எனக்குத்தான் மானம் போகும்.

அவளுக்கு மாப்பிள்ளை பார்த்த கதையும் இப்படித்தான். அப்போது நான் இரண்டாம் வகுப்பு. திருப்பத்தூரிலிருந்து வந்திருந்தார், பள்ளிக்கூட வாத்தியார், அரசாங்கச் சம்பளம். காபி குடித்தாயிற்று, எல்லோருக்கும் பிடித்துவிட்டது. "உனக்கு இன்னாம்மா?" என்று அப்பா கேட்டார்.

"ஸ்டேஷன் வரைக்கும் அவரோட நடந்துட்டு வர்றேன். வந்து சொல்றேன்."

பெரியவர்களுக்கு மூச்சே நின்றுவிட்டது. பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் அப்படிக் கேட்ட கதையை யாரும் கேள்விப்பட்டதில்லை. ஒரு வழியாக, சின்னப் பிள்ளை கூடப் போகட்டும் என்று என்னையும் சேர்த்து அனுப்பினார்கள். வாத்தியார் நல்ல வேகம். எங்கள் வீட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவில் ரயில்வே கேட் ஒன்று உண்டு. நாங்கள் போனபோது அது மூடியிருந்தது. அவர் குனிந்து அந்தப் பக்கம் போய்விட்டார். நானும் அத்தையும் இந்தப் பக்கம். நடுவில் கூட்ஸ் வண்டி மெதுவாக ஊர்ந்து போனது. வண்டி போன பிறகு பார்த்தால் ஆளைக் காணோம். டீக்கடையில் நின்று டீயைப் பாதி குடித்து முடித்திருந்தார்.

வீட்டுக்கு வந்து அத்தை வேண்டாம் என்றாள். பாட்டு விழுந்தது. அம்மா அழாத குறை. அத்தை அசையவில்லை. "கேட்டு மூடி இருக்குது, குனிஞ்சி போய்ட்டாரு. சரி, அவசரம். கொழந்த ஒன்னு கூட வருதே, ஒரு தடவ திரும்பிப் பாக்க வேணாவா?" என்றாள். பிறகு வந்த இடங்களையும் ஏதோ ஒரு காரணம் சொல்லித் தட்டிவிட்டாள். ஒரு கட்டத்தில் வரன்களே வருவதை நிறுத்திக்கொண்டன.

இப்படிப்பட்டவளிடம்தான் என் லேப்டாப் போய் மாட்டியது.

காட்பாடிக்கு அப்பால் ஒரு பொறியியல் கல்லூரியில் எனக்குக் கம்ப்யூட்டர் சயன்ஸ் கிடைத்தது. தோல் பதனிடும் ஷாப்பில் சூப்பர்வைசராக இருந்த அப்பா, ஒரு லேப்டாப் வாங்குமளவுக்குச் சேர்த்து வைத்திருந்தார். நாலு வருஷத்துக்கும் அந்த ஒன்றுதான், கெட்டுப்போனாலும் பழசானாலும் இன்னொன்று கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அதனால் எதை வாங்குவது என்பதைவிட எப்போது வாங்குவது என்பதே வீட்டில் பெரிய பேச்சானது. காலேஜ் திறக்குமுன்பே வாங்காவிட்டால் பெண் பின்தங்கிவிடும் என்றார் சர்ச்சில் ஒரு அங்கிள். மூன்றாம் வருஷம்வரை பொறுத்தால் விலை பாதியாகிவிடும் என்று பெங்களூரிலிருந்து பெரியப்பா மகன் போனில் சொன்னான். எனக்கு நேற்றே வேண்டும். பத்தாவதுவரை தமிழ் மீடியம். முதல் நாள் வகுப்பில் மேஜைமேல் ஒரு லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டால் மெட்ராஸ் பெண்களுக்கும் எனக்கும் வித்தியாசம் தெரியாது என்று உண்மையாகவே நம்பினேன்.

அப்பா கடைசியில் அத்தையைப் பார்த்தார். "நீ இன்னாம்மா சொல்ற?"

"நடந்து பாத்துட்டு சொல்றேண்ணா."

"அது ஷூ இல்லம்மா."

"நடக்கப்போறது இவதானே. நடக்க வுட்டுப் பாக்கலாம்."

என்னை வேலூரில் ஒரு கடைக்கு அழைத்துப்போனாள். லேப்டாப்பை என் பையில் போடச் சொல்லி, கடைக்குள்ளேயே அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடக்கவிட்டாள். பிறகு விற்பனையாளரிடம், "ஒரு பத்து நாள் எடுத்துனு போய் வச்சிருந்துட்டு திருப்பித் தரலாமாப்பா?" என்று கேட்டாள். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நான் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடியாது மேடம் என்றதும் அத்தை விடவில்லை. "சார்ஜரோட சேத்து இன்னா கனம் இருக்கும்?"

அந்தக் கேள்வி எதற்கென்று சனிக்கிழமை தெரிந்தது. கழித்துப்போட்ட ஷூ அடிப்பாகங்கள் கொஞ்சத்தை அதே கனத்துக்கு, ஏறக்குறைய அதே அகலத்துக்கு அடுக்கி, பிரவுன் டேப் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். கம்பெனி கேட்டில் எழுதிக்கொடுத்து வாங்கிவந்திருக்கிறாள். கழிவுதான் என்றாலும் கேட்காமல் எடுக்க மாட்டாள்.

"இந்தா, இதான் உன் லேப்டாப்பு. வர்றப்ப போறப்ப பையிலயே இருக்கட்டும். சாயங்காலம் நான் கேப்பேன்."

அழுதேன். சாப்பிடாமல் இருந்தேன். அப்பா அத்தை பக்கம் சாய்ந்துவிட்டார். முதல் செமஸ்டர் முழுக்க அந்த ரப்பர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பாஸஞ்சரில் காட்பாடிக்கும், அங்கிருந்து பஸ்ஸில் கல்லூரிக்கும் போய்வந்தேன். பையைத் திறந்தாலே புது செருப்புக்கடை வாசம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹாஸ்டல் பெண் ஒருநாள் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "என்னடி இது?" என்று கேட்டாள்.

"எங்க அத்தை" என்றேன். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

சாயங்காலம் அத்தை வேலை முடிந்து வந்து, வாளித் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு கேட்பாள். "இன்னிக்கு லேப்டாப்ப எங்க தேடுன?" தேடியதாகச் சொன்னால் எந்த இடத்தில், என்ன வேலைக்கு, அப்போது என்ன செய்தாய் என்று கேள்வி நீண்டுகொண்டே போகும். அந்தக் குறுக்கு விசாரணையில் பொய் சொல்வதே பேஜார் பிடித்த வேலை. உண்மை என்னவென்றால் நான் எங்கேயும் தேடவில்லை. முதல் வருஷம் கணக்கு, டிராயிங், பட்டறையில் இரும்பைத் தட்டுவது, இவ்வளவுதான். கம்ப்யூட்டர் வேண்டுமென்றால் லேபில் வரிசையாக இருந்தன. இதற்கிடையில், மூக்கைச் சுளித்த அந்தப் பெண்ணின் லேப்டாப் கட்டிலிலிருந்து விழுந்து மூடி உடைந்தது. அதைக் கேட்டதும் அப்பா அத்தையின் பரம பக்தராகிவிட்டார். மூன்றாம் வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று அத்தை சொல்ல, அப்படியே முடிவானது. ரப்பர் மூட்டை பீரோ மேலே ஏறியது. சொன்னால் வெட்கம், எனக்கும் அத்தைமேல் மதிப்பு கூடிப்போயிருந்தது.

இரண்டாம் வருஷத்தில் நிலைமை மாறியது. மாறியதை யாரும் கவனிக்கவில்லை, நானும்தான். நிஜமான புரோகிராம்கள் எழுதவேண்டி வந்தது. லேபை நாலு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். பூட்டாவிட்டாலும் நான் பாஸஞ்சரைப் பிடிக்க ஓட வேண்டும். ஹாஸ்டல் பெண்கள் தங்கள் அறையில் உட்கார்ந்து செய்து முடித்துக் காலையில் கொண்டுவந்துவிடுவார்கள். நான் நோட்டில் பென்சிலால் எழுதிப் பார்த்துக்கொள்வேன். மெல்ல மெல்ல அந்தப் பக்கமே போகாமலிருக்கப் பழகிக்கொண்டேன். புரோகிராமிங் போட்டிக்குப் பெயர் கேட்டபோது கை தூக்கவில்லை. லேபுக்குக் கடைசியில் போய் நின்றேன். சாயங்காலம் அத்தை கேட்பாள், "இன்னிக்கு எங்க தேடுன?" எங்கேயும் இல்லை அத்தை என்பேன். அது பொய்யும் இல்லை.

சனிக்கிழமைகளில் அவளுக்கு வேலை சீக்கிரம் முடிந்துவிடும். ஸ்டேஷன் பக்கம் காய்கறி வாங்கிக்கொண்டு நின்றால் நான் வண்டியிலிருந்து இறங்கி வருவேன், இருவரும் சேர்ந்து வீட்டுக்கு நடப்போம். நாலாவது செமஸ்டரில் அப்படி ஒரு சனிக்கிழமை, கல்லூரிக் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தேன். நாலு பேராகச் சேர்ந்து ஒரு ப்ராஜெக்ட் செய்ய வேண்டும், நூலகத்துக்கு ஒரு சாஃப்ட்வேர், மற்ற மூன்று பேரும் புரோகிராம் எழுதுகிறார்கள், நான் ரிப்போர்ட் எழுதுகிறேன் என்று சந்தோஷமாகவே சொன்னேன்.

"ரிப்போர்ட்டு உனக்குன்னு யாரு குடுத்தாங்க?"

"நானேதான் கேட்டு வாங்குனேன்."

"ஏன், புரோகிராம் உனக்கு வராதா?"

"வரும். ரிப்போர்ட்டுன்னா லேப்டாப் தேவையில்ல, அதான்."

அத்தை நடப்பதை நிறுத்திவிட்டாள். காய்கறிப் பையைக் கீழே வைத்தாள். "இது மாதிரி வேற எதெல்லாம் வுட்ட?" என்று கேட்டாள். சொல்லச் சொல்ல எனக்கே ஆச்சரியமாக இருந்தது. போட்டி, லேப், சாயங்கால ஸ்பெஷல் கிளாஸ் என்று ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தன.

"நீ லேப்டாப் கேட்டே எவ்ளோ நாளாவுது தெரியுமா?" என்றாள் அத்தை. "கேக்காத இருக்கியே, சரி, தேவ இல்ல போலன்னு நெனச்சேன். கம்பெனியில புது ஜோடிய நாலு பொண்ணுங்களுக்குக் குடுத்து ஒரு மாசம் போட்டுப் பாக்கச் சொல்லுவாங்க. மொதல்ல கடிக்குது கடிக்குதும்பாளுங்க. அப்புறம் ஒருநாள் நல்லா இருக்குதும்பாளுங்க. அந்த வாய நான் நம்பவே மாட்டேன். நடையப் பாப்பேன். வெளிப்பக்கமா சாஞ்சி நடந்துனு இருப்பாளுங்க. செருப்பு சரியாவல, நடதான் கோணலாப் போயிருக்கும். இத்தன தெரிஞ்சவ உங்கிட்ட வாயக் கேட்டுனு இருந்தேன் பாரு, என் புத்திய செருப்பால அடிக்கணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தை சிரிக்கவில்லை. பக்கத்திலிருந்த சிமெண்ட் கட்டையில் உட்கார்ந்து, வலது கால் செருப்பைக் கழற்றினாள். கட்டைவிரலின் அடியில் எலும்பு புடைத்துக்கொண்டிருந்தது. அவள் காலை அவ்வளவு நாள் வாளித் தண்ணீருக்குள் பார்த்தும் நான் அதைக் கவனித்திருக்கவில்லை.

"நானும் அப்படித்தான்டி நடந்துனு இருக்கேன்" என்றாள். தீபாவளிக்கு அப்புறம் வந்த மாடல்கள் எல்லாமே அந்த இடத்தில் அழுத்தியிருக்கின்றன. ஷூவில்தான் குறை என்று முதலில் சொல்லிப் பார்த்தாளாம். பிறகு சந்தேகம் வந்து, பாரத்தை வெளிப்பக்கம் தள்ளி நடந்துவிட்டு, சரியாக இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்திருக்கிறாள். அதை நினைத்து நினைத்துத் தலையை ஆட்டிக்கொண்டாள்.

அன்றைக்கு வீட்டில் அப்பாதான் வழக்காடினார். "மூணாவது வருஷம் வாங்கலாம்னு நீதானம்மா சொன்ன? ஆடித் தள்ளுபடியாவது வரட்டுமே."

"சொன்னேன். தப்பா சொல்லிட்டேன். அடுத்த சனிக்கெழம வாங்கிடணும்ணா. அதுக்கு மேல போனா இவ நட இப்படியே நின்னுடும்."

அப்பாவின் கண்களைப் பார்த்தபடியே சொன்னாள். தான் சொன்னது தப்பென்று ஒரு பெரிய மனுஷி இவ்வளவு சுலபமாகச் சொல்வதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகும் அதிகம் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை நான் ப்ராஜெக்ட் தோழிகளிடம் போய் புரோகிராமில் ஒரு பங்கு கேட்டேன். அடுத்த திங்கட்கிழமை மெஷினோடு வந்தால் தருகிறோம் என்றார்கள். நான் பங்கு கேட்ட அன்றைக்கே அத்தை ஸாம்பிள் ரூமுக்குப் போய், "ஷூவு சரியா இருக்குது சார், என் காலுதான் மாறிப்போச்சி. வேற ஆளப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டாள். அளந்து பார்த்திருக்கிறார்கள். நீளம் அதேதான், அகலம் தப்பியிருந்தது. அவள் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியவந்திருக்காது. இன்னும் ரெண்டு வருஷம் அப்படியே ஓட்டியிருக்கலாம். அந்த வாரத்திலேயே ஒடுகத்தூரிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த ஒரு பெண்ணின் கால் பொருந்திவிட்டது.

"பேஜாரா இருக்குதா அத்த?" என்று கேட்டேன்.

"இல்லாம? ஸாம்பிள் ரூம் கதவுப் பக்கம் திரும்பாம போய்வந்துனு இருக்கேன்" என்றாள். கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கவும் இல்லை. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது, கட்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை வேலூரில் அதே கடை, அதே விற்பனையாளர். அத்தையைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. "பத்து நாள் ட்ரையலா மேடம்?" என்று சிரித்தார். அத்தை ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "பில்லு போடுப்பா" என்றாள்.

எனக்கே என்னவோபோல் இருந்தது. "நடந்து பாக்கலியா அத்த?"

"நீதான் அந்த ரப்பரத் தூக்கினு நடந்தாச்சே. கனம் தெரியும். எங்க தேடறன்னும் தெரிஞ்சிபோச்சி. இன்னும் இன்னாத்த நடந்து பாக்கறது?"

வண்டியில் பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தேன். ஆம்பூரில் இறங்கியதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வீட்டுக்குப் போய் அதைத் திறக்க வேண்டும், அந்த நினைப்புதான். தோளில் பழகிய கனம், வேகமாக நடந்தேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. சைக்கிள்காரர்கள் சாய்த்துப் பிடித்துக்கொண்டு அடியில் நுழைந்து போய்க்கொண்டிருந்தார்கள். நானும் பையைச் சரிசெய்துகொண்டு குனிந்தேன். குனிந்தவள் என்னவோ தோன்றித் திரும்பிப் பார்த்தேன்.

அத்தை வெகு தூரத்தில் வந்துகொண்டிருந்தாள். வலது காலைப் பதனமாக வைத்து வைத்து, நான் எங்கே இருக்கிறேன் என்றுகூடப் பார்க்காமல், தரையைப் பார்த்து நடந்து வந்தாள். நான் நிமிர்ந்து அங்கேயே நின்றுவிட்டேன். கூட்ஸ் வண்டி வந்து போனது. கேட் திறந்தது. காத்திருந்தவர்கள் எல்லோரும் தள்ளிக்கொண்டு போனார்கள். அவள் வந்து சேரும்வரை அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கேட்டுதான் தொறந்துட்டாங்களே, போவ வேண்டியதுதானே?" என்றாள் மூச்சு வாங்கியபடி.

"நீ வா அத்த."

அத்தை என்னைப் பார்த்தாள், கேட்டைப் பார்த்தாள், அந்தப் பக்கம் டீக்கடையைப் பார்த்தாள். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"அன்னிக்கு அந்த வாத்தியார் இப்படி நின்னு திரும்பிப் பாத்திருந்தா, உன் லேப்டாப்புக்கு வேற ஆளத் தேடியிருக்கணும்டி நீ."